பிரேக் வேலையில் போல்ட் மரை போய்விட்டால்: வீட்டில் செய்கிறவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

புது பேட் போட்டாகிவிட்டது. பேடை டிஸ்கின் மேல் அழுத்தும் காலிப்பரை இறக்கி உட்கார வைத்தாகிவிட்டது. மிச்சம் ஒரே ஒரு போல்ட். ஸ்பானர் இறுகிக்கொண்டே வருகிறது. இன்னும் கால் சுற்று என்று அழுத்தும்போது கை சட்டென்று லேசாகிப்போகிறது. போல்ட் சுற்றுகிறது, இறுக மாட்டேன் என்கிறது. அப்போது வயிற்றைக் கலக்குமே, அங்கிருந்துதான் இந்த வழிகாட்டி தொடங்குகிறது.

கும்பகோணம் பக்கம் எங்கள் வீட்டுக் கொல்லையில் என் வண்டிக்கும் சொந்தக்காரர்கள் வண்டிகளுக்கும் பிரேக் வேலை பார்த்து வருகிறேன். கூட நின்று கற்றுக்கொள்கிறவர்கள் பேட் மாற்றுவதில் தடுமாறுவதில்லை. மரை போன பிறகு எதை முதலில் செய்வது என்பதில்தான் தடுமாறுகிறார்கள். கீழே சொல்வதெல்லாம் முன் சக்கரத்தில் டிஸ்க் பிரேக் உள்ள சாதாரணச் சிறிய கார்களுக்கு.

1. முதலில் கையை எடுங்கள்

“இன்னொரு தடவை சுத்திப் பாப்போம், பிடிச்சாலும் பிடிக்கும்” என்று எல்லோருக்கும் தோன்றும். செய்யாதீர்கள். மரை வழுக்க ஆரம்பிக்கும்போது பெரும்பாலும் வாய்ப்பக்கத்து இரண்டு மூன்று சுற்றுதான் கெட்டிருக்கும். உள்ளே நல்ல மரை இருக்கும். மேலும் சுற்றினால் அதையும் சேர்த்து வழித்துக்கொண்டு வந்துவிடும்.

போல்ட்டை மெதுவாகப் பின்னால் திருப்பி எடுங்கள். நடுவில் பிடித்தால் துரு நீக்கும் ஸ்பிரே அடித்துப் பத்து நிமிடம் விட்டு, கால் சுற்று வெளியே, கொஞ்சம் உள்ளே, மறுபடி வெளியே என்று எடுங்கள். வெளியே வந்ததும் துடைக்காமல் பாருங்கள். மரைக் குழியில் பொடியாகத் துரு ஒட்டியிருந்தால் நம்பிக்கை உண்டு. ஸ்பிரிங் மாதிரி சுருண்ட உலோக நூல் ஒட்டியிருந்தால் எதிர்பக்க மரை மொத்தமாக உரிந்து வந்துவிட்டது என்று அர்த்தம்.

2. தொடங்கும் முன் கைவசம் இருக்க வேண்டியவை

முதலில் தரை. நம் பக்கத்து வண்டல் மண் காய்ந்திருக்கும்போது சிமென்ட் மாதிரி இருக்கும். ஒரு மழை விழுந்தால் ஜாக்கி சத்தமில்லாமல் இறங்கும். மரை போய்விட்டால் வண்டி ஒரு மணி நேரத்தில் கீழே இறங்காது, இரண்டு நாள்கூட நிற்கும். அதனால் சிமென்ட் தரை, இல்லையென்றால் ஜாக்கிக்கும் ஸ்டாண்டுக்கும் அடியில் தடித்த பலகை. ஹாலோ பிளாக் கல்லை முட்டுக் கொடுக்கவே கூடாது. அது சொல்லாமல் உடையும். பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள், கை பிரேக்கைப் போட்டுவிடுங்கள்.

கருவிகளில் டார்க் ரெஞ்ச் (எவ்வளவு இறுக்குகிறோம் என்று காட்டும் ஸ்பானர்), வெர்னியர் (மி.மீ. கணக்கில் அளக்கும் கருவி), கம்பி பிரஷ், பிரேக் கிளீனர், சிலிகான் கிரீஸ், காலிப்பரைத் தொங்கவிட ஒரு கட்டுக்கம்பி. காலிப்பரை பிரேக் ஹோஸில் தொங்கவிட்டால் உள்ளே கிழிவது வெளியே தெரியாது, அதற்காகத்தான் கம்பி.

அப்புறம் கிழமை. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆரம்பிப்பதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. மரை போனால் போக வேண்டிய லேத் பட்டறை அன்றைக்குத்தான் பூட்டியிருக்கும். சனிக்கிழமை காலையில் ஆரம்பியுங்கள். தை, மாசியில் சம்பா அறுவடை நடக்கும்போது பட்டறை வாசலில் அறுவடை மெஷின் பாகங்கள் வரிசையில் கிடக்கும். காலிப்பரைத் தாங்கும் உங்கள் சின்ன பிராக்கெட்டை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். முடிந்தால் அந்த மாதங்களைத் தவிர்த்துவிடுங்கள். பட்டறைக்குப் போய்வர வேறு ஒரு வண்டியும் வேண்டும். கார்தான் ஸ்டாண்டில் நிற்கிறதே!

3. எந்த மரை போயிருக்கிறது?

எல்லாப் படிகளிலும் இதுதான் முக்கியம், அவசரத்தில் இதைத்தான் தாண்டிப்போகிறார்கள். “மரை போச்சு” என்றால் ஐந்து இடங்களில் ஒன்றாக இருக்கலாம்: போல்ட்டின் மேல் மரை, கைடு பின்னின் உள் மரை, காலிப்பர் பிராக்கெட்டின் மரை, நக்கிளின் (பிராக்கெட்டும் சக்கரமும் மாட்டியிருக்கும் பெரிய பாகம்) மரை, காலிப்பரிலேயே உள்ள மரை. ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு, செலவும் வேறு.

அதற்கும் முன்னால், மரை உண்மையிலேயே போயிருக்கிறதா என்று பாருங்கள். அக்கா மகன் ஒரு தடவை கொல்லையிலிருந்து கத்தினான்: “மாமா, போல்ட்டு சும்மா சுத்துது. மரை அவுட்டு!” போய்ப் பார்த்தால் போல்ட்டோடு சேர்ந்து பின்னும் சுற்றிக்கொண்டிருந்தது. காலிப்பரைப் பிடிக்கும் போல்ட், பிராக்கெட்டுக்குள் வழுக்கி நகரும் கைடு பின்னின் தலையில் ஏறுகிறது. அந்தப் பின்னைப் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லையென்றால் அதுவும் கூடச் சுற்றும். “மாப்பிள, பின்னை யாரு பிடிக்கிறது?” என்று கேட்டு, மெலிசான ஓப்பன் ஸ்பானர் ஒன்றை பின்னின் தட்டையான பக்கத்தில் கொடுத்தேன். ஒரே இழுப்பில் இறுகிவிட்டது. நல்லவேளையாக பின்னை மூடும் ரப்பர் பூட் முறுக்கிக்கொண்டதோடு போயிற்று, கிழியவில்லை.

பின்னைப் பிடித்த பிறகும் வழுக்கினால், அதே சக்கரத்தின் இன்னொரு கைடு போல்ட்டை எடுத்து இந்த ஓட்டையில் கையால் திருகிப் பாருங்கள். அது ஆடாமல் ஏறினால் கோளாறு பழைய போல்ட்டில். அதுவும் லொடலொடத்தால் ஓட்டையில். சந்தேகமாக இருந்தால் மறுபக்கத்து முன் சக்கரத்தையும் கழற்றி ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

பிராக்கெட்டைப் பிடிக்கும் பெரிய போல்ட்டில் ஒரு நுணுக்கம் உண்டு. பல கார்களில் இந்த போல்ட் பின்புறமிருந்து நக்கிளின் காதில் உள்ள வெறும் ஓட்டை வழியாகப் புகுந்து, பிராக்கெட்டில் உள்ள மரையில் ஏறும். சில கார்களில் மரை நக்கிளிலேயே இருக்கும். டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். மரை பிராக்கெட்டில் இருந்தால் பாதிக் கவலை விட்டது. பிராக்கெட் தனியாகக் கிடைக்கும், கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டும் போகலாம்.

4. அளவு எடுப்பது

வெர்னியரில் போல்ட்டின் மேல் விட்டத்தைப் பாருங்கள். 8 மி.மீ. போல்ட் 7.8 அல்லது 7.9 என்று காட்டும். அது எம்8 தான். விட்டத்தை விட மரை இடைவெளியில்தான் ஆட்கள் ஏமாறுகிறார்கள். ஒரு மரை நுனியிலிருந்து எட்டு இடைவெளி தள்ளி அளந்து பாருங்கள். சரியாக 10 மி.மீ. வந்தால் பிட்ச் 1.25. 12 மி.மீ. வந்தால் 1.5.

இது ஏன் முக்கியம் என்றால், எம்8 போல்ட்டில் சாதாரணமாகவே 1.25 தான் வரும். ஆனால் எம்10 என்றதும் கடைக்காரர் எடுத்துக் கொடுப்பது 1.5, எம்12 என்றால் 1.75. பிரேக்கில் இருப்பது பெரும்பாலும் 1.25. என் கையாலேயே இந்தத் தப்பைச் செய்திருக்கிறேன். ஒரு கடையில் எம்10 என்று மட்டும் கேட்டு வாங்கி வந்தேன். முதல் இரண்டு சுற்று கையால் ஏறியது. அப்புறம் இறுகியது, “புது போல்ட், கொஞ்சம் டைட்டாத்தான் இருக்கும்” என்று ஸ்பானரைப் போட்டேன். ஒரு பிராக்கெட் போயிற்று.

சக்கர நட்டிலும் இதே கதைதான். மாருதியில் 12×1.25. ஹூண்டாய், டொயோட்டா, ஹோண்டாவில் 12×1.5. பக்கத்து வீட்டில் ஒரு நட் இரவல் வாங்கினால், நட் ஏறும் ஸ்டட்டின் மரை போய்விடும்.

போல்ட் தலையில் அதன் பலத்தைச் சொல்லும் 8.8, 10.9 என்று எண் போட்டிருக்கும். பழைய போல்ட்டில் என்ன எண்ணோ அதேதான் புதியதிலும் வேண்டும். எண்ணே இல்லாத போல்ட் கேட்டுக்கும் ஷெட்டுக்கும் சரி, பிரேக்குக்கு ஆகாது.

5. எதைச் சரிசெய்யலாம், எதை மாற்றியே ஆக வேண்டும்

போல்ட் மரை போயிருந்தால் போல்ட்டை மாற்றுங்கள். கைடு பின் உள் மரை போயிருந்தால் பின்னை மாற்றுங்கள். பின்னின் சுவர் மெலிசு, அதில் துளை பெரிதாக்க இடமில்லை, விலையும் அதிகமில்லை. மேல் பின்னும் கீழ்ப் பின்னும் பல கார்களில் ஒன்று போல இருக்காது, ஒன்றில் ரப்பர் உறை இருக்கும். கழற்றும்போதே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

சக்கர ஸ்டட் மரை போனால் ஸ்டட்டைத் தட்டி எடுத்துப் புதியது ஏற்ற வேண்டும். ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடா மாதிரி நட்டுக்குப் பதில் போல்ட் வரும் வண்டிகளில் அந்த போல்ட் ஏறும் ஹப்பின் மரை போனால் ஹப் மாற்ற வேண்டும்.

பிரேக் ஆயில் போகிற வழியில் உள்ள மரைகள், அதாவது ஹோஸை காலிப்பரில் பிடிக்கும் போல்ட்டும் காற்று எடுக்கும் பிளீடர் நிப்பிளும் ஏறுகிற ஓட்டைகள், இவற்றில் கை வைக்காதீர்கள். மிதிக்கும் ஒவ்வொரு முறையும் அழுத்தம் அங்கேதான் இறங்குகிறது. காலிப்பரை மாற்றுவதுதான் வழி.

மிச்சமிருப்பது பிராக்கெட், நக்கிள். பிராக்கெட் புதிதாகக் கிடைத்தால் நான் புதியதுதான் வாங்குவேன். கிடைக்காத பழைய வண்டிக்கு, சுவர் தடிமன் போதுமானதாக இருந்தால் ஹெலிகாயில் (7-ஆம் படியில் சொல்கிறேன்). நக்கிளில் என்றால் அது முதல் தடவை செய்கிறவருக்கான வேலை இல்லை. கழற்றி அனுபவமுள்ள பட்டறையில் கொடுங்கள், அல்லது நக்கிளை மாற்றுங்கள்.

மரையில் காப்பர் கம்பி சுற்றி ஏற்றுவது, பித்தளைத் தகடு வைப்பது, எம்-சீல் அடைப்பது, வெல்டிங் வைத்து அடைத்துவிட்டு மறுபடி துளை போடுவது என்று ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். தண்ணீர் மோட்டார் மூடிக்கு அது பரவாயில்லை. பிரேக் ஒவ்வொரு முறை பிடிக்கும்போதும் சக்கரத்தைச் சுற்றவிடாமல் நிறுத்தும் விசை முழுக்க பிராக்கெட்டைப் பிடிக்கும் இரண்டு போல்ட்டில்தான் இருக்கிறது. யார் சொன்னாலும் வேண்டாம்.

6. அடிபட்ட மரையை மீட்பது

மரை உரியாமல், துருவாலோ முதல் சுற்று கோணலாக ஏறியதாலோ மடங்கியிருந்தால் மீட்டுவிடலாம். புது மரை வெட்டும் டேப்பை உடனே எடுக்காதீர்கள். அது மரையைச் சுத்தம் செய்வதோடு நிற்காது, நல்ல உலோகத்தையும் கொஞ்சம் சீவிவிடும்; சற்றே கோணலாக நுழைந்தால் தனக்கென்று ஒரு புதுப் பாதை வெட்டிவிடும்.

வீட்டிலேயே ஒரு கருவி செய்யலாம். அதே அளவு, அதே பிட்ச், 10.9 போட்ட நல்ல போல்ட் ஒன்றை எடுங்கள். நுனியிலிருந்து தலைப்பக்கமாக, நீளவாக்கில், மரையின் ஆழத்துக்கு மட்டும், மூன்று இடத்தில் கிரைண்டரின் மெல்லிய வீலால் பள்ளம் போடுங்கள். ஓரத்துப் பிசிறை அரத்தால் நீக்கிவிடுங்கள். பள்ளத்தின் விளிம்பு மடிந்த மரையை நிமிர்த்தும், அழுக்கு பள்ளத்தில் சேரும், வெட்டாது.

இதை ஓட்டையின் நல்ல பக்கத்திலிருந்து நுழையுங்கள். இரண்டு பக்கமும் திறந்த ஓட்டையில் கெட்டது ஒரு வாய்தான் என்றால், மறு வாயிலிருந்து போகும்போது நல்ல மரையே வழிகாட்டும். எண்ணெய் விட்டு, அரைச் சுற்று உள்ளே, கால் சுற்று வெளியே. முடிந்ததும் பிரேக் கிளீனர் அடித்துத் துடைத்து, புது போல்ட்டை விரலால் மட்டும் கடைசி வரை ஏற்றிப் பாருங்கள். ஏறினால் 8-ஆம் படிக்குப் போய்விடலாம்.

7. ஹெலிகாயில் போடுவது

ஹெலிகாயில் என்பது ஸ்பிரிங் மாதிரி சுற்றிய ஸ்டெயின்லெஸ் கம்பி. ஓட்டையைப் பெரிதாக்கி, புது மரை வெட்டி, அதற்குள் இந்தச் சுருளை ஏற்றினால் உள்ளே மறுபடி பழைய அளவு மரை கிடைக்கும். பழைய போல்ட் அளவு மாறாது என்பதுதான் இதில் லாபம்.

டிரில் அளவு: எம்8×1.25-க்கு 8.3 மி.மீ., எம்10×1.25-க்கு 10.3, எம்12×1.25-க்கு 12.3. டேப் சாதாரண எம்8, எம்10 டேப் இல்லை; ஹெலிகாயிலுக்கென்று சற்றுப் பெரிதாக வரும் தனி டேப். சாதாரண டேப் அந்த ஓட்டையில் ஒன்றையும் வெட்டாமல் போய் வரும். கிட் வாங்கும்போது டிரில், டேப், ஏற்றும் கருவி, சுருள் நான்கும் ஒரே பெட்டியில் இருக்கிறதா, பிட்ச் 1.25 தானா என்று பாருங்கள்.

எம்10-க்கு வெட்டிய பிறகு மரையின் வெளி விட்டம் கிட்டத்தட்ட 11.6 மி.மீ. ஆகிவிடும். அதைச் சுற்றி நல்ல கனத்தில் இரும்பு மிஞ்சுமா என்று முன்கூட்டியே அளந்து பாருங்கள். மிஞ்சாது என்றால் பிராக்கெட்டை மாற்றுவதுதான்.

டிரில்லைக் கையில் பிடித்துப் போடாதீர்கள். எங்கள் பக்கத்துப் பட்டறை அண்ணன் பார்த்ததுமே சொல்வார்: “கையால போட்டா ஓட்டை சாயும், ஓட்டை சாஞ்சா போல்ட்டு தலை ஒரு பக்கமாத்தான் உக்காரும் தம்பி.” தலை ஒரு ஓரத்தில் மட்டும் உட்கார்ந்தால், டார்க் ரெஞ்ச் ‘டக்’ என்றாலும் பிடிப்பு இருக்காது. பட்டறையின் டிரில்லிங் மெஷினில், பிராக்கெட்டின் நக்கிளோடு ஒட்டும் முகம் மேஜையில் சமமாகப் படும்படி வைத்து இறுக்கிப் போட வேண்டும். இந்த ஒரு வேலைக்குக் காசு கொடுத்துவிடுங்கள். மற்றதை வீட்டில் செய்யலாம்.

பிராக்கெட் பெரும்பாலும் வார்ப்பிரும்பு. அதில் மரை வெட்டும்போது தூள் பொடியாக வரும், எண்ணெய் விட்டால் சேறாகி டேப்பை அடைக்கும், காய்ந்தபடியே வெட்டுங்கள். அலுமினியமாக இருந்தால் மண்ணெண்ணெய் விடுங்கள், இல்லையென்றால் டேப்பில் ஒட்டிக்கொள்ளும். அரைச் சுற்று உள்ளே போனதும் கால் சுற்று திருப்புங்கள், சிம்பு உடைந்து விழட்டும். டேப் திடீரென்று இறுகினால் அழுத்தாதீர்கள். உள்ளே உடைந்த டேப்பை எடுப்பது மரை போனதைவிடப் பெரிய தலைவலி.

தூளைச் சுத்தமாக ஊதிவிட்டு, சுருளைக் கருவியில் மாட்டி ஏற்றுங்கள். கீழ்நோக்கி அழுத்த வேண்டாம்; அழுத்தினால் ஒரு மரை தாண்டிக் குதித்துவிடும். மேல் முகத்துக்குக் கீழே கால் முதல் அரைச் சுற்று இறங்கியதும் நிறுத்துங்கள். வெளியே துருத்தி நின்றால் பிராக்கெட் நக்கிளோடு சமமாக ஒட்டாது.

சுருளின் அடியில் ஏற்றுவதற்காக ஒரு குறுக்குக் கம்பித் துண்டு இருக்கும். அதை மட்டமான பஞ்ச் வைத்து ஒரே தட்டில் உடைத்து எடுத்துவிடுங்கள். அது ஸ்டெயின்லெஸ் என்பதால் காந்தத்தை நம்பாதீர்கள். பிராக்கெட்டைக் கவிழ்த்துத் தட்டி, துண்டு விழுந்ததைக் கண்ணால் பார்த்த பிறகே அடுத்த வேலை.

8. திரும்பப் பூட்டும் வரிசை

ஓட்டைக்குள் எண்ணெயோ தண்ணீரோ தேங்கியிருக்கக் கூடாது. அடி மூடிய ஓட்டையென்றால் போல்ட் அதன்மேல் முட்டி, இறுகியது போலப் பொய் சொல்லும்.

எல்லா போல்ட்டையும் முதலில் விரலால் ஏற்றுங்கள். குறைந்தது நான்கைந்து சுற்று விரலாலேயே போக வேண்டும். போகவில்லையென்றால் கழற்றி, போல்ட்டை இடப்பக்கமாக மெதுவாகச் சுற்றுங்கள்; ‘டிக்’ என்று ஒரு சின்ன விழுகை கையில் தெரியும். மரையின் வாய் அங்கேதான் இருக்கிறது. அங்கிருந்து வலப்பக்கம் திருப்பினால் கோணலாக ஏறாது. இந்த ஒரு பழக்கம் இருந்தால் இந்த வழிகாட்டி தேவைப்பட்டிருக்காது. போல்ட்டை அடித்துச் சுற்றும் இம்பாக்ட் கன் மெஷினால் போல்ட்டைத் தொடங்கவே கூடாது. மரை கோணுவது அதற்குத் தெரியாது.

முதலில் பிராக்கெட் போல்ட், அப்புறம் கைடு பின் போல்ட், கடைசியில் சக்கர நட். சிறிய கார்களில் பிராக்கெட் போல்ட் பெரும்பாலும் 80 முதல் 110 நியூட்டன் மீட்டருக்குள்ளும், கைடு போல்ட் 20 முதல் 40-க்குள்ளும் வரும். உங்கள் வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் உள்ள எண்ணை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய புத்தகங்களில் கிலோகிராம் விசை-மீட்டரில் (kgf·m) போட்டிருப்பார்கள், அதை 9.8-ஆல் பெருக்கினால் நியூட்டன் மீட்டர்.

கைக்கணக்கு ஏன் போதாது? 15 செ.மீ. ஸ்பானரில் 30 நியூட்டன் மீட்டர் வர 20 கிலோ அழுத்தம் போதும். அதே கை, அதே பலத்தோடு அரை மீட்டர் குழாயை மாட்டி இழுத்தால் 100 வந்துவிடும். சின்ன போல்ட்டின் மரை அதற்குத்தான் உரிகிறது.

எண்ணெய் பூசிய மரையில் அதே எண்ணில் போல்ட் அதிகமாக இழுபடும். அதனால் புத்தகம் சொன்னால் ஒழிய மரையில் கிரீஸ் வேண்டாம். சிலிகான் கிரீஸ் கைடு பின்னின் வழுக்கும் பகுதிக்கு மட்டும்.

9. ஓட்டிப் பார்ப்பதும் திரும்பப் பார்ப்பதும்

வண்டியை நகர்த்துவதற்கு முன் பிரேக்கை நாலைந்து தடவை மிதியுங்கள். புது பேட் போட காலிப்பரின் பிஸ்டனை உள்ளே தள்ளியிருப்பதால் முதல் மிதி தரை வரை போகும். இதை மறந்து நேராக கியர் போட்டு வாசல் திண்ணையில் இடித்தவர்கள் உண்டு. மிதி கெட்டியானதும் பிரேக் ஆயில் மட்டத்தைப் பாருங்கள்.

தெருவுக்குள்ளேயே நடை வேகத்தில் இரண்டு மூன்று பிடி, அப்புறம் ஆளில்லாத சாலையில் கொஞ்சம் வேகமாக. சாலையில் வைக்கோல் பரப்பியிருந்தால் அந்தப் பக்கம் போகாதீர்கள். அதன்மேல் பிரேக் வழுக்கும், எதைச் சோதிக்கிறோம் என்றே தெரியாது, சக்கரத்திலும் சுற்றிக்கொள்ளும்.

ஒவ்வொரு போல்ட் தலையிலிருந்தும் பிராக்கெட் வரை நெயில் பாலிஷில் ஒரு கோடு போட்டுவிடுங்கள். போல்ட் அசைந்தால் கோடு உடையும். 100 கி.மீ. ஓடியதும் சக்கரத்தைக் கழற்றிப் பாருங்கள். நாகப்பட்டினம், வேதாரண்யம் மாதிரி உப்புக் காற்று அடிக்கும் இடங்களில் இருக்கிறவர்கள் ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்ததும் இன்னொரு தடவை பார்ப்பது நல்லது. அடுத்த முறை பிராக்கெட்டைக் கழற்றும்போது, போல்ட்டின் நுனி மறுபக்கம் துருத்திக்கொண்டு துருப்பிடித்திருக்கும். அதைக் கம்பி பிரஷால் தேய்த்து, முந்தின இரவே ஸ்பிரே அடித்துவிட்டுக் கழற்றுங்கள். இல்லையென்றால் அந்தத் துரு மரை முழுக்க உரசிக்கொண்டே வெளியே வரும்.

கோடு உடைந்திருந்தால் மறுபடி இறுக்கிவிட்டு ஓட்டாதீர்கள். வண்டியை அங்கேயே நிறுத்திவிட்டு 3-ஆம் படிக்குப் போங்கள்.